கழுத்து வலிக்குத் தலையணை: மெமரி ஃபோம், லேடெக்ஸ், இலவம் பஞ்சு மூன்றிலும் படுத்துப் பார்த்த அனுபவம்

கழுத்து வலிக்கு எந்தத் தலையணை வாங்கலாம் என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது இரண்டுதான். எப்படிப் படுப்பீர்கள், எதன்மேல் படுப்பீர்கள்? கம்பெனி, விலை எல்லாம் அப்புறம். சில வருடங்களாக மெமரி ஃபோம், லேடெக்ஸ், இலவம் பஞ்சு என்று மாற்றி மாற்றிப் படுத்துப் பார்த்தாகிவிட்டது. மூன்றும் இன்னும் வீட்டில்தான் இருக்கின்றன, ஆளுக்கொன்றாகப் பங்கு பிரிந்துவிட்டது. அதனால் ஒவ்வொன்றும் புதிதில் எப்படி, பழகிய பிறகு எப்படி என்று சொல்ல முடியும்.

எனக்கு ஆடிட்டர் ஆபீசில் கணக்கு வேலை. மாதாமாதம் 20ஆம் தேதி ஜிஎஸ்டி தாக்கல் நெருங்கினால் லேப்டாப்பிலிருந்து தலை நிமிராது. காலையில் எழுந்தால் வலது பிடரியிலிருந்து தோள்பட்டை வரை முறுக்கிய கயிறாட்டம் இறுகிக் கிடக்கும், ஸ்கூட்டியில் போகும்போது பின்னால் ஹாரன் அடித்தால் கழுத்து திரும்பாது, இடுப்போடு சேர்த்துத் திருப்ப வேண்டும். மருத்துவர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, தேய்மானம் ஒன்றும் பெரிதாக இல்லை, தசைப்பிடிப்புதான் என்று பிசியோதெரபிக்கு அனுப்பினார். அங்கே இருந்தவர் கழுத்தைத் தொடுவதற்கு முன்பே "எந்தப் பக்கம் சாய்ஞ்சு படுப்பீங்க? கட்டிலா, பாயா?" என்று கேட்டார். எனக்கு உருப்படியான விஷயம் அங்கேதான் தொடங்கியது.

இதற்கிடையில் வீட்டு வைத்தியம் தனியாக நடந்துகொண்டிருந்தது. "ஏம்மா, தலகாணியத் தூக்கிப் போட்டுட்டுப் படு, எல்லாம் சரியாப் போகும்" என்று என் மாமியார் சொல்வார். கழுத்து வலி என்று வாயைத் திறந்தால் பத்தில் எட்டுப் பேர் இதைத்தான் சொல்கிறார்கள். குப்புறப் படுப்பவருக்கு இது சரி. மல்லாந்து படுப்பவர்களில் சிலருக்கும் சரிப்படும். ஒருக்களித்துப் படுப்பவருக்கு மட்டும் சரிவரவே வராது. ஒருக்களிக்கும்போது தோள்பட்டை மெத்தையில் ஊன்றிக்கொள்கிறது, காதுக்கும் மெத்தைக்கும் நடுவில் தோள் அகலத்துக்கு ஒரு பள்ளம் விழுகிறது. தலை ஏறக்குறைய 4.5 முதல் 5 கிலோ இருக்கும். அடியில் முட்டு இல்லாவிட்டால் ராத்திரி முழுக்க அந்தக் கனம் கீழ்ப்பக்கமாகச் சரிந்தே கிடக்கும், மேல்பக்கத் தசை இழுபட்டுக்கொண்டே இருக்கும். மல்லாந்து படுத்தால் நிரப்ப வேண்டியது கழுத்தின் வளைவை மட்டும்தான். அதற்கு உயரமான தலையணை வைத்தால் முகவாய் நெஞ்சில் இடிக்கும், அதுவும் செல்போனைக் குனிந்து பார்க்கிற அதே நிலைதான்.

எதன்மேல் படுக்கிறோம் என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை. மெத்தென்ற ஃபோம் மெத்தையில் தோள் உள்ளே அமுங்கிவிடும், அப்போது தலையணை சற்றுத் தாழ்வாக இருந்தால் போதும். அதே ஆள் கோரைப்பாயில் படுத்தால் தோள் எங்கும் இறங்காது, தலையணை உயர வேண்டும். கட்டிலில் சுகமாக இருந்த தலையணை ஊருக்குப் போய்ப் பாயில் படுத்ததும் கழுத்தைப் பிடிக்கிறது என்றால் காரணம் இதுதான், தலையணை கெட்டுப்போய்விடவில்லை.

சரி, உயரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? காசு செலவழிக்காமல் பார்க்க வழி இருக்கிறது. வீட்டில் இருக்கும் தேங்காய்ப்பூத் துண்டுகளை அகலமாக மடித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வழக்கமாகப் படுக்கும் இடத்திலேயே ஒருக்களித்துப் படுத்து, யாரையாவது பின்னாலிருந்து போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். பிடரியும் முதுகுத்தண்டும் ஒரே நேர்க்கோட்டில் வர வேண்டும். முன்னாலிருந்து எடுத்தால் மூக்கு, முகவாய், நெஞ்சுக்குழி மூன்றும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். தலை மெத்தைப் பக்கம் சரிந்தால் இன்னொரு துண்டைச் சேருங்கள், மேல்பக்கம் தூக்கினால் ஒன்றை உருவுங்கள். நேராக வந்த பிறகு, தலை வைத்தபடியே ஸ்கேலால் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். எனக்கு 10 செ.மீ.யை ஒட்டி வந்தது, தோள் அகலமான என் கணவருக்கு அதைவிட நன்றாகவே கூடுதல். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் உயரம் தலை வைக்காதபோது உள்ள உயரம் என்பது இந்த இடத்தில் முக்கியம். படுத்தால் எவ்வளவு அமுங்கும் என்பது பொருளுக்குப் பொருள் மாறும்.

முதலில் வாங்கியது மெமரி ஃபோம், அதுவும் நடுவில் பள்ளமும் இரண்டு பக்கம் மேடுமாக வருமே, அந்த கான்டூர் வகை. ஒரு மேடு 10 செ.மீ., இன்னொன்று 12 செ.மீ. என்று போட்டிருந்தது. இந்த ஃபோம் 1966இல் நாசாவுக்காக விமான இருக்கைக்கு உருவாக்கப்பட்டது, விளம்பரத்தில் அதைச் சொல்லாத கம்பெனியே இல்லை. பிரித்ததும் பெயின்ட் வாடை மாதிரி ஒன்று வந்தது, மொட்டை மாடி அறையில் நிழலில் காற்றாட வைத்த பிறகே தலை வைக்க முடிந்தது. ஆரம்பத்தில் சொகுசுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் மெமரி ஃபோம் சூட்டுக்கு இளகும், குளிருக்கு இறுகும். மதுரை சித்திரை வெயிலில் நடு ராத்திரிக்குள் தலை உள்ளே போய்விடும், காது சுட ஆரம்பிக்கும். மார்கழியில் அதே தலையணை முதல் பத்து நிமிடம் கட்டையாக இருக்கும். ஏசி அறையில் எப்போதும் ஒரே வெப்பத்தில் தூங்குபவருக்கு இந்தத் தொல்லை குறைவு. இன்னொன்று, கான்டூர் வளைவு அசையாமல் படுப்பவருக்குத்தான் பொருந்துகிறது. நான் ராத்திரியில் நாலு பக்கமும் உருளும் ஆள், விடியும்போது தலை மேட்டிலும் இருக்காது, பள்ளத்திலும் இருக்காது. இப்போது அது கணவரிடம் இருக்கிறது. உயரமான மேட்டில் அசையாமல் படுத்துக் குறட்டை விடுகிறார்.

இப்போது என் தலைக்கடியில் இருப்பது லேடெக்ஸ். ரப்பர் பாலில் செய்தது, உடம்பெல்லாம் சின்னச் சின்னத் துளைகள், கையில் எடுத்தால் ஆச்சரியப்படும் அளவுக்குக் கனம். விரலால் அழுத்திவிட்டு எடுத்தால் உடனே எழுந்து நிற்கும். மெமரி ஃபோம் யோசித்து யோசித்து எழும் இல்லையா, அது இதில் கிடையாது. அதனால் புரண்டு படுத்தாலும் தலைக்குக் கீழே உடனே முட்டு கிடைக்கிறது. சூடும் குறைவு. வாங்கியபோது இருந்த உயரம் இன்னும் அப்படியே இருக்கிறது. குறை என்று பார்த்தால் விலை, ஃபோமைவிட எப்படியும் கூடுதல். ரப்பர் வாடை போகவும் கொஞ்ச நாள் பிடிக்கும். வெயிலில் காயப்போடக் கூடாது, ரப்பர் பொடிந்துவிடும். ரப்பர் பால் ஒவ்வாமை உள்ளவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

இலவம் பஞ்சை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டாம். எங்கள் பக்கம் போடியிலிருந்து வரும் பஞ்சுக்கு நல்ல பெயர். மெத்தைக் கடையில் எடை போட்டுத்தான் நிரப்புகிறார்கள், "கொஞ்சம் கம்மியா வைங்கண்ணே" என்று சொல்லி நமக்கு வேண்டிய உயரத்தில் தைத்து வாங்க முடிவது இதில் மட்டும்தான். பிரச்சினை, நாளாக ஆகப் பஞ்சு அமுங்கித் தலை வைக்கும் இடம் குழியாகிவிடும். கழுத்து சுளுக்கினால் தலையணையை வெயிலில் போடு என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள், நான் சிரித்திருக்கிறேன். ஆனால் அதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது, இலவ இழை குழல் மாதிரி இருக்கும், உள்ளே காற்றுதான், வெயில் பட்டு ஈரம் போனால் பஞ்சு மறுபடி உப்பி, குழி மேடேறுகிறது. மல்லாந்து படுக்கும் என் மாமியாருக்கு இதுதான் பிடித்திருக்கிறது. தூசி ஒத்துக்கொள்ளாமல் தும்முபவர்கள் நெருக்கமான துணியில் உள்ளுறை போட்டு வாங்குவது நல்லது.

கழுத்தைவிடத் தோள்பட்டைதான் தொல்லை என்றால் தலையணையை மட்டும் மாற்றிப் பயனில்லை. வலிக்கிற தோள்மேல் படுக்காதீர்கள். மறுபக்கம் ஒருக்களித்து, நெஞ்சுக்கு முன்னால் இன்னொரு தலையணையை வைத்து மேல் கையை அதன்மேல் போட்டுக்கொள்ளுங்கள், கை முன்பக்கம் தொங்கித் தோளை இழுப்பது நிற்கும். என்னைக் கேட்டால் லேடெக்ஸ் கழுத்துக்குச் செய்ததில் பாதியை இந்தச் சும்மா கிடந்த பழைய தலையணை தோளுக்குச் செய்தது. லேப்டாப்புக்கு அடியில் பழைய ஃபைல்களை அடுக்கித் திரையைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, தனிக் கீபோர்டும் வாங்கினேன், அதற்கும் பங்கு உண்டு. கை மரத்துப்போவது, விரலில் கூச்சம், பிடித்த டம்ளர் நழுவுவது, விழுந்து அடிபட்ட பிறகு வந்த வலி, இதெல்லாம் தலையணைக் கடைக்குப் போகிற விஷயமே இல்லை, நேராக மருத்துவரிடம் போக வேண்டும்.

புதுத் தலையணை பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும், அதனால் ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால் படுத்துப் பார்த்த பிறகும் திருப்பி எடுப்பார்களா என்று முதலில் பாருங்கள், பல இடங்களில் கவரைப் பிரித்துவிட்டால் எடுக்க மாட்டார்கள். உறை கழற்றித் துவைக்கிற மாதிரி இருக்க வேண்டும். கான்டூர் வகைக்கு வீட்டில் இருக்கும் சாதா உறை சரியாகப் பொருந்தாது, அதே அளவில் இன்னொரு உறையையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். என் மகள் தனக்கும் புதுசு வேண்டும் என்று நச்சரிக்கிறாள். அவள் படுப்பது குப்புற, அதனால் அவளுக்கு மாமியாரின் பழைய தட்டைத் தலையணையே போதும் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.