புருவத்துக்கு எது சரி: மைக்ரோபிளேடிங்கா, பவுடர் புரோவா, பழைய பென்சிலா?

பெங்களூரு அல்சூரில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தைராய்டு குறைவு. இரண்டு புருவத்திலும் வெளிநுனி உதிர்ந்துவிட்டது. தினமும் பென்சிலால் வரைந்துகொண்டு வேலைக்குப் போவார். சாயங்காலம் திரும்பும்போது கைக்குட்டையில் பழுப்புக் கோடு ஒட்டியிருக்கும். "பர்மனென்டா பண்ணிக்கலாமா, சொல்லேன்" என்று கேட்டார். அவருக்காக விசாரித்ததை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று: மைக்ரோபிளேடிங், பவுடர் புரோ இரண்டும் தோலுக்குள் நிறமி ஏற்றும் முறைகள். பர்மனென்ட் என்று பெயர்தானே தவிர, பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று வருடத்துக்குள் வெளுத்துவிடும்.

மைக்ரோபிளேடிங் முழுக்கக் கைவேலை. பேனா மாதிரிப் பிடியின் முனையில் நுண்ணிய ஊசிகள் வரிசையாக இருக்கும். அவற்றால் முடி முடியாகக் கீறி நிறமியை இறக்குவார்கள். வறண்ட சருமத்தில் அசல் முடி போலவே தெரியும். எண்ணெய் வழியும் முகத்தில்தான் சிக்கல். சில மாதங்களில் அந்த மெல்லிய கோடுகள் ஒன்றோடொன்று கலந்து, புருவம் மங்கலான பட்டையாகிவிடும்.

பவுடர் புரோவில் மெஷின் ஊசி நிறமியைப் புள்ளி புள்ளியாக வைக்கும். மை தீட்டியது போலத் தெரியும், முடி போல இருக்காது. ஆனால் எண்ணெய்ச் சருமத்தில் நன்றாக நிற்கும், பொதுவாகக் கூடுதல் நாள் தாங்கும். அக்காவுக்கு மூக்கும் நெற்றியும் எப்போதும் பளபளக்கும். அதனால் இரண்டில் ஒன்று என்றால் என் ஓட்டு பவுடருக்குத்தான்.

நிறத்தில் அவசரப்படவே கூடாது. அயர்ன் ஆக்சைடு நிறமி வெளுக்கும்போது செம்மை தட்டலாம், கார்பன் கறுப்பு சாம்பல்நீலமாகலாம். பிடிக்கவில்லை என்று லேசரில் அழிக்கப் போனால், சில நிறமிகள் இன்னும் கறுத்துவிடும். கர்ப்பிணிகளும் தழும்பு தடித்து வளரும் உடம்புக்காரர்களும் இந்தப் பக்கமே போக வேண்டாம். புது ஊசியை உங்கள் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள். பேட்ச் டெஸ்ட் (ஒவ்வாமை வருகிறதா என்று சிறு இடத்தில் தடவிப் பார்ப்பது) கட்டாயம். அப்புறம், பக்கு உதிர ஒன்றிரண்டு வாரமாகும், விட்டுப்போன இடத்தை நிரப்பும் டச்சப் ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து. வீட்டில் கல்யாணம் என்றால் அதற்கேற்ப முன்கூட்டியே தொடங்குங்கள்.

பென்சிலில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை, தினமும் சில நிமிடம் போகும், அவ்வளவுதான். தைராய்டு கட்டுக்குள் வந்தால் உதிர்ந்த முடி திரும்ப முளைக்கவும் வாய்ப்பு உண்டு. அதனால் அடுத்த டிஎஸ்ஹெச் (தைராய்டு ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட் வரட்டும் என்று அக்காவிடம் சொன்னேன். அதுவரைக்கும் வாட்டர்புரூஃப் பென்சில் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.