தொடர் விடுமுறைக்குப் பக்கத்திலேயே வீடு புக் செய்கிறீர்களா? முன்பணம் அனுப்பும் முன் படித்துவிடுங்கள்

மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு வந்தால், இரண்டு மணி நேரப் பயணத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து ஓய்வாக இருந்துவிட்டு வருவது நல்ல யோசனைதான். டிக்கெட்டுக்கு அலைய வேண்டாம், பாதி லீவு வண்டியிலேயே போகாது. ஆனால் ‘பக்கத்தில்தானே, என்ன ஆகிவிடப்போகிறது’ என்ற அலட்சியமும் கூடவே வந்துவிடுகிறது. மோசடிக்காரர்கள் காத்திருப்பது அதற்குத்தான்.

ஏமாற்று வேலை நடக்கும் வரிசை ஏறக்குறைய ஒன்றேதான். லீவுக்கு நாலைந்து நாள் முன்பு, தெரிந்த இடமெல்லாம் நிரம்பிவிட்ட நேரத்தில், ஏதாவது ஒரு குழுவில் விளம்பரம் வரும். நீச்சல் குளம், தோட்டம், இரண்டு படுக்கையறை. வாடகையோ சாதாரண நாளைவிடக் குறைவு. இங்கேயே சந்தேகம் வர வேண்டும். ஆள் வரிசையில் நிற்கும்போது எந்த உரிமையாளர் விலையைக் குறைப்பார்? மெசேஜ் போட்டால் உடனே படங்கள், ஒரு வீடியோ, மேப் லிங்க் எல்லாம் வரும். ‘இன்னொரு குடும்பமும் கேட்கிறது, அரை மணி நேரத்துக்குள் பாதித் தொகை போட்டால் உங்களுக்கு’ என்பார்கள். போட்டதும் டெபாசிட் என்று இன்னொரு தொகை. கிளம்புகிற அன்று காலை போன் ஸ்விட்ச் ஆஃப். மேப் காட்டிய இடத்தில் வேறு யாரோ குடியிருப்பார்கள். அவர்கள் வாசலில் இப்படிப் பெட்டியோடு வந்து நிற்கும் முதல் குடும்பம் உங்களுடையதாக இருக்காது.

படங்கள் பெரும்பாலும் வேறு வீட்டு விளம்பரத்திலிருந்து திருடியவை. கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுங்கள். ஒன்றும் வரவில்லையென்றால் உடனே நிம்மதி அடைய வேண்டாம். தேடலில் சிக்காமலிருக்க ஓரத்தை வெட்டியிருப்பார்கள், அல்லது படத்தை இடவலமாகத் திருப்பியிருப்பார்கள். போனில் உள்ள எடிட்டரிலேயே படத்தைத் திருப்பி மறுபடி தேடுங்கள். சுவர்க் கடிகாரத்தின் எண்களையும் டிவிக்குக் கீழே உள்ள பிராண்ட் எழுத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். திருப்பிய படம் அங்கே மாட்டிக்கொள்ளும்.

அவர்கள் அனுப்பும் வீடியோ ஒரு சான்றே இல்லை, அதுவும் திருடியதாக இருக்கலாம். வீடியோ காலில் வரச் சொல்லுங்கள். கேட்டுக்கு வெளியே தெருவில் தொடங்கி, கேமராவை அணைக்காமல் உள்ளே நடந்து, சமையலறைக் குழாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். இதைவிட நல்ல வழி, பக்கத்து ஊர் என்பதால் உங்களுக்கு இருக்கிறது. ‘சாயங்காலம் ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் பணம் தருகிறோம்’ என்று சொல்லிப் பாருங்கள். உண்மையான உரிமையாளர் எப்போது வரலாம் என்று சொல்வார், இல்லையென்றால் காவலாளியின் நம்பராவது தருவார். மோசடிக்காரர் காரணம் சொல்வார்.

பணத்தை புக்கிங் தளத்துக்கு வெளியே அனுப்பச் சொன்னால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். ‘சர்வீஸ் கட்டணம் மிச்சம்’ என்பதுதான் வழக்கமான தூண்டில். ஏர்பிஎன்பி போன்ற தளம், செக்-இன் நேரத்துக்குச் சுமார் 24 மணி நேரம் கழித்துத்தான் வழக்கமாக உரிமையாளருக்குப் பணத்தை விடுவிக்கிறது. வீடே இல்லை என்று தெரிந்தால் புகார் செய்ய அந்த இடைவெளி உதவும். நேரடியாக அனுப்பினால் அது கிடையாது. கணக்கில் வரும் பெயரும் பேசுகிறவர் பெயரும் வேறாக இருந்தால், ‘மச்சான் கணக்கு’, ‘மேனேஜர் கணக்கு’ என்ற விளக்கத்தை ஏற்காதீர்கள்.

கூகுள் மேப்பில் உள்ள போன் நம்பரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. யார் வேண்டுமானாலும் அதில் திருத்தம் கொடுக்கலாம். வெப்சைட் என்றால், தளங்களின் பதிவு விவரத்தைக் காட்டும் ஐகேன் லுக்அப் (ICANN Lookup) பக்கத்தில் அதன் முகவரியைப் போட்டு, எப்போது பதிவானது என்று பாருங்கள். ‘இருபது வருட அனுபவம்’ என்று சொல்லும் ரிசார்ட்டின் தளம் போன மாதம் பதிவாகியிருந்தால் மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம். முகவரிப் பட்டியில் பூட்டுச் சின்னம் இருந்தால் இணைப்பு மறையாக்கப்பட்டது, அதாவது நடுவில் யாரும் படிக்க முடியாது என்று மட்டும்தான் பொருள்; தளம் நேர்மையானது என்று பொருளல்ல. மக்கள் அதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றுதான் குரோம் 2023-ல் அந்தச் சின்னத்தையே எடுத்தது.

வீடு உண்மையாகவே இருந்தும் ஏமாறுவது இன்னொரு வகை. வைட் ஆங்கிள் லென்ஸில் எடுத்தால் சின்ன அறையும் மண்டபம்போலத் தெரியும். படத்தின் ஓரத்தில் உள்ள நாற்காலியோ தலையணையோ இழுத்துவிட்டதுபோல் இருந்தால் அதுதான் அடையாளம். கட்டிலை வைத்து அளவு போடுங்கள். பெரியவர்கள் படுக்கும் கட்டில் எப்படியும் ஏறத்தாழ 2 மீட்டர் நீளம் இருக்கும். சுவருக்கும் அதற்கும் நடுவே எவ்வளவு மிஞ்சுகிறது என்பது தெரிந்துவிடும். விமர்சனங்களில் போன தொடர் விடுமுறை நாட்களில் எழுதியவற்றைத் தேடிப் படியுங்கள். தண்ணீர் நின்றது, குளத்தில் கால் வைக்க இடமில்லை என்பதெல்லாம் அந்தத் தேதிகளில்தான் இருக்கும். கூடுதல் வாடகை தர ஆள் கிடைத்ததும் கடைசி நேரத்தில் உங்கள் புக்கிங்கை ரத்து செய்கிறவர்களும் உண்டு. தேதி, ஆட்கள் எண்ணிக்கை, செக்-இன் நேரம், அவர்களே ரத்து செய்தால் என்ன தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

பணம் போய்விட்டதென்றால் லீவு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வங்கியின் மோசடிப் புகார் எண்ணுக்கு உடனே பேசுங்கள். கார்டில் கட்டியிருந்தால் பரிவர்த்தனையை மறுத்துப் புகார் பதியச் சொல்லுங்கள். எதிராளி மெசேஜ்களை அழிப்பதற்குள் வாட்ஸ்அப் உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். ‘ரீஃபண்ட் தருகிறோம், இந்த கியூஆரை ஸ்கேன் செய்து ரகசிய PIN நம்பர் போடுங்கள்’ என்றால் அது இரண்டாவது கொள்ளை. பணம் வாங்க PIN நம்பர் தேவையே இல்லை. புலம்பி ஒரு பதிவு போட்டதும் ‘கட்டணம் தந்தால் பணத்தை மீட்டுத் தருகிறேன்’ என்று இன்பாக்ஸில் ஒருவர் வருவார். அது மூன்றாவது.