எச்சரிக்கை: பில் இல்லாமல் காரில் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ மாட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில், 2017ஆம் ஆண்டு மாடலான என் சிறிய காரில் புதிதாக ஓர் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவை மாட்டினேன். ஒன்பது அங்குலத் தொடுதிரை, வழிகாட்டும் வசதி, ரிவர்ஸ் கேமரா எல்லாம் சேர்த்து 20,500 ரூபாய் விலை சொன்னார்கள். காரோடு வந்த பழைய ஸ்டீரியோவைக் கடையிலேயே விட்டுவிட்டால் 1,500 ரூபாய் கழித்துக்கொள்வதாகச் சொன்னதால், 19,000 ரூபாயை யு.பி.ஐ. மூலம் செலுத்தினேன். சென்னையில் கார் ஆக்சஸரி கடைகள் நெருக்கமாக உள்ள ஒரு தெருவில் அந்தக் கடை இருக்கிறது. அதன் பெயரை நான் இங்கே குறிப்பிடப் போவதில்லை, ஏனென்றால் என் புகார் இன்னும் விசாரணையில் இருக்கிறது. ஆனால் அங்கே எனக்கு நடந்தது எந்தக் கடையிலும் எவருக்கும் நடக்கக்கூடியது என்பதால், நடந்தவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

முதல் தவறு என்னுடையது. பில் கேட்டபோது, "ஜி.எஸ்.டி. போட்டா விலை ஏறிடும் சார், கார்டு பின்னாடி எழுதித் தரேன், ஒரு வருஷம் வாரண்டி" என்று கடைக்காரர் சொன்னார். நான் ஒப்புக்கொண்டேன். அவருடைய விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் தேதியும் "1 வருடம்" என்ற இரண்டு சொற்களும் மட்டுமே இருந்தன. பொருளின் பெயரோ வரிசை எண்ணோ விலையோ எதுவும் இல்லை. வேலை நடந்த இரண்டு மணி நேரமும் நான் எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். டேஷ்போர்டைக் கழற்றியபோது பக்கத்தில் நின்று பார்க்காமல் போனேனே என்ற வருத்தம் இன்றுவரை எனக்கு இருக்கிறது.

முதல் மூன்று வாரங்கள் எல்லாம் நன்றாகவே தோன்றியது. திரை பளிச்சென்று இருந்தது, கேமராவும் வேலை செய்தது. ஆனால் அம்மாவிடமிருந்து அழைப்பு வரும்போது திரை உறைந்து நிற்பதும், பாட்டை மாற்ற அழுத்தினால் நான்கைந்து நொடி கழித்து மாறுவதும் தொடங்கின. 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. சேமிப்பிடம், ஆண்ட்ராய்டு 13 என்றுதான் எனக்கு விற்றார்கள், செட்டிங்ஸ் பக்கத்திலும் அப்படியேதான் காட்டியது. சந்தேகம் தீராமல், சாதனத்தின் உள்விவரங்களைப் படித்துக் காட்டும் ஒரு செயலியை நிறுவிப் பார்த்தேன். அதில் ஏ.பி.ஐ. நிலை 27 என்று இருந்தது. ஆண்ட்ராய்டின் ஒவ்வொரு பதிப்புக்கும் இப்படி ஓர் எண் உண்டு, 13ஆம் பதிப்புக்கு உரிய எண் 33. இருபத்தேழு என்பது 2017இல் வெளிவந்த 8.1ஆம் பதிப்புக்கு உரியது. ரேமும் 1 ஜி.பி.தான். செட்டிங்ஸ் பக்கத்தில் தெரியும் எழுத்தையும் எண்ணையும் தயாரிப்பவர்கள் விருப்பம்போல் மாற்றி வைத்துவிட முடியும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அட்டைப் பெட்டியில் இருந்த "4×60 வாட்" என்பதும் இதே வகைதான். காரின் மின்னழுத்தம் 12 முதல் 14 வோல்ட் வரை, சாதாரண ஸ்பீக்கரின் மின்தடை 4 ஓம். தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாமல், ஸ்டீரியோவிலிருந்து நேராக ஒரு ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து கிடைக்கக்கூடியது இருபது வாட்டையொட்டித்தான் இருக்கும். ஸ்டீரியோவின் பின்பக்கம் இருந்த ஃபியூஸ் 10 ஆம்பியர்தான். பத்து ஆம்பியரை 14 வோல்ட்டால் பெருக்கினாலும் 140 வாட்தான், நான்கு ஸ்பீக்கருக்கும் சேர்த்து 240 வாட் எங்கிருந்து வரும் என்று வாங்கும்போதே கேட்டிருக்க வேண்டும்.

இவையெல்லாம் பணம் சம்பந்தப்பட்ட ஏமாற்று என்று பொறுத்துக்கொள்ள முயன்றேன். கடைக்காரரிடம் தொலைபேசியில் சொன்னதற்கு, "அப்டேட் போட்டா சரியாயிடும் சார், ஒரு நாள் வாங்க" என்றார். நான் உண்மையிலேயே பயந்தது அதற்குப் பிறகுதான்.

புரட்டாசியில் ஒரு வியாழக்கிழமை காலை கார் ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரிக்கு மூன்று வயதாகியிருந்ததால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது என்று பேட்டரிக் கடைக்காரரும் சொன்னார், நானும் நம்பினேன். 35 ஆம்பியர்-மணி (Ah) திறனுள்ள புதிய பேட்டரி ஒன்றை 4,300 ரூபாய் கொடுத்து மாற்றினேன். ஸ்டீரியோவின் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. புதிய மியூசிக் சிஸ்டம் மாட்டிய சில வாரங்களில் பேட்டரி இறங்கினால், பேட்டரியை மாற்றுவதற்கு முன் ஸ்டீரியோவின் ஒயரிங்கைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

அடுத்த மாதம் அம்மாவையும் அப்பாவையும் அழைத்துக்கொண்டு திருவண்ணாமலையில் அக்கா வீட்டுக்குப் போனேன். திண்டிவனத்தில் நெடுஞ்சாலையை விட்டுச் சர்வீஸ் சாலையில் இறங்கி, செஞ்சி வழியாகப் போக வேண்டும். இருட்டிவிட்டது, மழையும் தூறியது. இறங்க வேண்டிய இடத்தை நாங்கள் கடந்த பிறகும் திரையில் இருந்த அம்பு பின்னாலேயே நின்றது, மேம்பாலத்தில் ஏறிய பிறகுதான் "இடப்பக்கம் திரும்பவும்" என்றது. விழுப்புரம் திசையில் போய், திரும்பும் இடம் தேடி வர வேண்டியதாயிற்று. பின்னால் லாரிகள் ஒளியடித்துக்கொண்டு நெருங்கும்போது, வேகத்தைக் குறைப்பதா நேராகப் போவதா என்று தெரியாமல் இருந்த அந்தச் சில நொடிகளில் அம்மா முன் இருக்கையின் பிடியை இறுகப் பற்றிக்கொண்டார். வழிகாட்டி இல்லாமலே போயிருந்தால் நான் ஊர்ப் பலகையைப் பார்த்து ஓட்டியிருப்பேன். தவறான நேரத்தில் பேசும் வழிகாட்டி அந்தக் கவனத்தையும் கெடுத்துவிடுகிறது.

வெள்ளி இரவு அக்கா வீட்டு வாசலில் நிறுத்திய காரை ஞாயிறு இரவுதான் எடுக்கப் போனோம். ரிமோட்டை அழுத்தினால் கதவு திறக்கவில்லை, சத்தமும் வரவில்லை. சாவி போட்டுத் திறந்து பார்த்தால் உள்விளக்குகூட எரியவில்லை. பேட்டரி வாங்கி ஆறு வாரங்கள்தான் ஆகியிருந்தன. அன்றிரவு அங்கேயே தங்கிவிட்டு, மறுநாள் காலை அக்காவின் கணவர் தமக்குத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்து வந்தார்.

அவர் வேறு வண்டியிலிருந்து கேபிள் போட்டு என் பேட்டரிக்குக் கொஞ்சம் உயிர் கொடுத்தார். பிறகு எல்லாவற்றையும் அணைத்து, கதவுகளைப் பூட்டச் சொல்லிவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றி இடையில் மல்டிமீட்டரை வைத்தார். நிறுத்தி வைத்த காரில் சாதாரணமாக 50 மில்லி ஆம்பியருக்குள்தான் மின்சாரம் ஓட வேண்டும். மீட்டர் 0.7 ஆம்பியர், அதாவது 700 மில்லி ஆம்பியர் காட்டியது. அந்த அளவில் ஓடினால் 35 ஆம்பியர்-மணி பேட்டரி ஐம்பது மணி நேரத்தில் முற்றிலும் காலியாகிவிடும். தினமும் அலுவலகத்துக்கு ஓட்டியதால் இழந்ததை, இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் திரும்ப நிரப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. முதல் பேட்டரியும் இப்படித்தான் செத்திருக்கிறது.

பிறகு அவர் திரையைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் சட்டத்தை நெம்பிக் கழற்றி, பெட்டியை வெளியே இழுத்தார். நான் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே கம்பிகள் கொத்தாகத் தொங்கின. கார் தயாரிப்பாளர் வைத்த கப்ளரை, அதாவது கம்பிகளை வெட்டாமல் செருகி இணைக்கும் பிளக்கை, வெட்டி எறிந்திருந்தார்கள். கம்பி முனைகளைக் கையால் முறுக்கி, கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றியிருந்தார்கள். வெயிலில் நிறுத்தும் காரின் டேஷ்போர்டுக்குள் அந்த டேப்பின் பசை உருகி வழிந்து, டேப் நழுவி, இரண்டு இடங்களில் செம்பு வெளியே தெரிந்தது. தொட்டால் விரலில் கறுப்புப் பசை ஒட்டியது.

"சார், செவப்பும் மஞ்சளும் ஒண்ணா முறுக்கி வச்சிருக்காங்க பாருங்க" என்றார் அவர்.

ஸ்டீரியோவுக்கு மின்சாரம் தரும் கம்பிகளில் மஞ்சள், பேட்டரியிலிருந்து எப்போதும் வருவது, நினைவகத்தைக் காக்க உதவுவது. சிவப்பு, சாவியைத் திருப்பினால் மட்டும் வர வேண்டியது. இரண்டையும் சேர்த்துவிட்டால் சாவியை எடுத்த பிறகும் பெட்டி தூங்குவதே இல்லை. திரையை மட்டும் பொத்தானால் அணைத்துவிட்டு நாம் இறங்கிவிடுகிறோம், உள்ளே கணினி ஓடிக்கொண்டே இருக்கிறது. சாவியோடு வரும் கம்பியைத் தேடிக் கண்டுபிடிக்கச் சில நிமிடங்கள் ஆகும், அந்தச் சில நிமிடங்களை மிச்சப்படுத்தியிருக்கிறார்கள்.

"இதவிட மோசம் இங்க இருக்கு" என்று சொல்லி அவர் கீழே காட்டினார். ஸ்டீரியோவுக்கென இருக்கும் கம்பியை விட்டுவிட்டு, இக்னிஷன் சுவிட்சுக்குப் போகும் தடித்த கம்பியின் தோலைச் சீவி, அதில் மெல்லிய கம்பி ஒன்றைச் சுற்றி இணைப்பு எடுத்திருந்தார்கள். மஞ்சள் கம்பியோடு வந்த ஃபியூஸ் கூட்டையும் நறுக்கிவிட்டார்கள். அந்தத் தடித்த கம்பிக்குக் காவலாக இருப்பது பெரிய ஃபியூஸ். மெல்லிய கம்பி எங்காவது இரும்பில் உரசி ஷார்ட் ஆனால், பெரிய ஃபியூஸ் போவதற்கு முன்பே மெல்லிய கம்பி நெருப்பாகிவிடும். கம்பியின் உறை ஓரிடத்தில் பழுப்பேறி, வறுத்த அப்பளம்போல் கொப்புளித்திருந்தது. என் பெற்றோரையும் என் மகளையும் ஏற்றிக்கொண்டு இரண்டு மாதங்கள் இந்தக் கம்பிக்குப் பின்னால்தான் ஓட்டியிருக்கிறேன்.

அம்பு ஏன் பின்தங்கியது என்பதற்கும் விடை அங்கேயே இருந்தது. ஜி.பி.எஸ். ஆன்டெனா என்பது தீப்பெட்டியைவிடச் சற்றே அகலமான ஒரு சதுர வில்லை. இருபதாயிரம் கிலோமீட்டருக்கும் மேலே சுற்றும் செயற்கைக்கோள்களிலிருந்து வரும் மிக மெல்லிய அலையை அது வாங்க வேண்டும். இடத்தைச் சரியாகக் கணிக்க ஒரே நேரத்தில் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் அலை வேண்டும். கண்ணாடிக்கும் பிளாஸ்டிக்குக்கும் அடியில் வைத்தால் அலை வரும், இரும்புக்கு அடியில் வராது. என் காரில் அதன் மூன்று மீட்டர் கேபிளைச் சுருட்டி, வில்லையோடு சேர்த்து, டேஷ்போர்டுக்குள் குறுக்கே போகும் இரும்புச் சட்டத்தின் கீழ் டேப் போட்டுக் கட்டியிருந்தார்கள். எலக்ட்ரீஷியன் அதைப் பிரித்து முன்கண்ணாடிக்கு அருகே வைத்ததும் ஒரே நிமிடத்தில் பத்துக்கும் மேற்பட்ட செயற்கைக்கோள்கள் தெரிந்தன. உள்ளே நிறுவியிருந்த வரைபடம் திருட்டுப் பிரதி, அதைப் புதுப்பிக்கவே முடியாது என்பது பிறகு தெரிந்தது.

அவர் சிவப்பையும் மஞ்சளையும் பிரித்து, ஆபத்தான இணைப்பை எடுத்துவிட்டு, சென்னை போய்ச் சேரும்வரை ஸ்டீரியோவையே துண்டித்து வைத்தார். 600 ரூபாய் கேட்டார். கூடக் கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டார்.

சென்னை திரும்பியதும் படங்களோடு கடைக்குப் போனேன். முதலில் "எங்க பையன் இப்படிப் பண்ண மாட்டான், வெளியில யாரோ கை வச்சிருக்காங்க" என்றார்கள். பிறகு வேறு பெட்டி தருகிறேன் என்றார்கள். பணத்தைத் திருப்பித் தர மறுத்தார்கள், என் பழைய ஸ்டீரியோவைக் கேட்டபோது விற்றாகிவிட்டது என்றார்கள். வெட்டிய கம்பிகளுக்குக் காரின் சர்வீஸ் மையம் பொறுப்பேற்காது என்பதை நானே புரிந்துகொண்டிருந்தேன். கப்ளரோடு புது ஒயரிங் போட 3,200 ரூபாயும், புதுப்பேட்டையில் அதே மாடல் பழைய ஸ்டீரியோ ஒன்றைத் தேடி வாங்க 2,800 ரூபாயும் ஆயின.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் முதலில் புகார் பதிந்தேன், கடை பதில் தராததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கிறேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்ற பொருளுக்குப் பில் தராததே முறையற்ற வணிகம். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்கிடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். பில் இல்லாத எனக்கு இப்போது கைகொடுப்பவை யு.பி.ஐ. பதிவும், "4 ஜி.பி., ஆண்ட்ராய்டு 13" என்று கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய விலைக் குறிப்பும்தான். வாய்ப்பேச்சில் முடிக்காமல், விவரங்களை எழுத்தில் அனுப்பச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்டீரியோ மாட்டியே ஆக வேண்டும் என்றால், உங்கள் கார் மாடலுக்குரிய கப்ளர் கடையில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லை, கம்பியை வெட்டித்தான் மாட்ட வேண்டும் என்றால் அந்தக் கடையைவிட்டு வெளியே வந்துவிடுங்கள். பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் கண்ணெதிரே சாவியை எடுத்து, பத்து நிமிடம் காத்திருந்து, பேட்டரியில் மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். பழைய ஸ்டீரியோவை எவ்வளவு விலை சொன்னாலும் கொடுக்காதீர்கள், துணியில் சுற்றி வீட்டில் வையுங்கள்.

என்னிடம் விற்ற பெட்டியும், அறுத்தெடுத்த கம்பிக் கொத்தும், கொப்புளித்த அந்தத் துண்டும் ஓர் அட்டைப் பெட்டியில் தேதி எழுதி அலமாரியின் மேல் தட்டில் இருக்கின்றன. அடுத்த விசாரணையன்று அவற்றை எடுத்துக்கொண்டு போகிறேன்.