ஒரு மழையும் ஒரு பனியும் கண்ட புத்தகம்: சுயபதிப்புச் சேவை ஒன்றின் மதிப்பீடு

கொடைக்கானலை அடுத்த பூம்பாறையின் படிவயல்களில் மலைப்பூண்டு விளையும் முறையைப் பற்றி நான் எழுதிய 208 பக்க நூலை, மதுரையிலிருந்து இயங்கும் ஒரு சுயபதிப்புச் சேவையின் மூலம் 300 பிரதிகள் அச்சிட்டேன். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோதே எழுதத் தொடங்கிய நூல் அது. எழுதி முடிக்கவும், அச்சிடப் பணம் சேர்க்கவும் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பெட்டியைத் திறந்த அன்றே மதிப்பீடு எழுதியிருந்தால் புகழ்ந்து தள்ளியிருப்பேன். ஐப்பசி, கார்த்திகை மழையும் தைப் பனியும் கடந்தபின் எழுதுவதால் சற்று நிதானமாகச் சொல்ல முடிகிறது. குறைகளையும் சேர்த்துச் சொல்லப்போவதால் அந்தச் சேவையின் பெயரைத் தவிர்க்கிறேன்.

அவர்கள் தரும் தொகுப்பில் டிடிபி (கணினியில் பக்கம் அமைத்தல்), அட்டை வடிவமைப்பு, ஐஎஸ்பிஎன் (நூலுக்கான பன்னாட்டு அடையாள எண்), அச்சு, பைண்டிங், பேருந்துப் பார்சல் எல்லாம் அடக்கம். டெமி என்னும் நூல் அளவு, 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) நேச்சுரல் ஷேட் தாள், 300 ஜிஎஸ்எம் அட்டை, அதன்மேல் பளபளப்பில்லாத பிளாஸ்டிக் படலம் (மேட் லேமினேஷன்) என்று முடிவுசெய்தோம். வெள்ளை மேப்லித்தோ தாளும் இதே எடையில் கிடைக்கும் என்றாலும், மங்கலான மஞ்சள் சாயல் கொண்ட தாள்தான் மாலை வேளை விளக்கொளியில் கண்ணை உறுத்தாமல் இருக்கிறது. 300 பிரதிகள் என்பதால் டிஜிட்டல் அச்சு. ஆயிரக்கணக்கில் போவதாக இருந்தால் ஆஃப்செட்டில் பிரதியின் விலை குறையும் என்று அவர்களே நேர்மையாகச் சொன்னார்கள். அச்சின் கருமையும் பக்கங்களின் ஒழுங்கும் குறைசொல்ல இடமில்லாதவை. முன்பக்கத்து வரியும் பின்பக்கத்து வரியும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி நிற்கின்றன. பெரிய பதிப்பகங்களின் நூல்கள் சிலவற்றில்கூட இதை நான் கண்டதில்லை.

ஆனால் புத்தகத்தைத் தொழில்முறை நூலாகக் காட்டுவது அட்டையன்று, உள்பக்கம்தான் என்பதை இந்த அனுபவத்தில்தான் உணர்ந்தேன். இந்தச் சேவை தடுக்கி விழுந்ததும் அங்கேதான்.

நான் யூனிகோடில் தட்டச்சு செய்து அனுப்பிய மேட்டரை, அவர்களுடைய டிடிபி பணியாளர் தமக்குப் பழக்கமான பழைய எழுத்துருவுக்கு மாற்றித் திருத்தங்களைப் போட்டு, மீண்டும் யூனிகோடுக்குக் கொண்டுவந்திருக்கிறார். பழைய எழுத்துருக்கள் பலவற்றில் ஔகாரக் குறியின் பின்பாதிக்கும் 'ள' என்ற எழுத்துக்கும் ஒரே வடிவம்தான். ஆகவே திரும்பி வந்த மேட்டரில் 'பௌர்ணமி' என்பது கொம்பு, ப, ள என்று மூன்றாகப் பிரிந்து 'பெளர்ணமி' ஆகியிருந்தது. கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றுபோலத் தோன்றினாலும் எழுத்துகளின் இடைவெளி காட்டிக்கொடுத்துவிடும். திருத்தம் பார்க்க அனுப்பிய முதல் புரூஃபில் இதைச் சுட்டிக்காட்டினேன். அவர் ஒவ்வொன்றாகத் தேடித் திருத்துவதற்குப் பதிலாக, கொம்பையும் 'ள'வையும் அடுத்தடுத்துக் கண்ட இடமெல்லாம் ஔகாரக் குறியாக மாற்றும்படி கணினிக்குக் கட்டளையிட்டுவிட்டார்.

வெள்ளைப்பூண்டைப் பற்றிய நூலில் இதன் விளைவை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். 'வெள்ளை' என்ற சொல்லிலும் கொம்பை அடுத்து வருவது 'ள'தான். இரண்டாம் புரூஃபில் நூல் முழுவதும் 'வௌ்ளைப்பூண்டு' என்றாகி, ஒட்டிக்கொள்ள எழுத்தில்லாத புள்ளி ஒரு வெற்று வட்டத்தின் தலையில் அநாதையாக நின்றது. 'வெளியே', 'தெளிவு' ஆகியவையும் தப்பவில்லை. தொலைபேசியில் அழைத்தபோது, 'இது ஃபான்ட் பிரச்சினை சார், பிரிண்டில் சரியாகிவிடும்' என்றார்கள். அச்சில் எதுவும் தானாகச் சரியாகாது. யாரேனும் இந்தப் பதிலைச் சொன்னால், அந்த இடத்திலேயே வேலையை நிறுத்தச் சொல்லிவிடுங்கள். கொடைக்கானலுக்குச் சென்று ஒரு கணினி மையத்தில் அமர்ந்து, என் மூலக் கோப்போடு ஒப்பிட்டு, பக்கவாரியாகத் திருத்தப் பட்டியல் எழுதி அனுப்ப எனக்கு 9 நாட்கள் ஆயின.

வரியின் முடிவில் சொல்லை முறிக்கும் வரியொடிப்பும் அப்படியே. இந்திய மொழிகளுக்கான பத்தியமைப்பு வசதியை இயக்காமலேயே இன்டிசைன் என்னும் மென்பொருளில் பக்கங்களை அமைத்ததால், சொற்கள் கண்ட இடத்தில் முறிந்து, 'ற்' என்றும் 'ள்' என்றும் மெய்யெழுத்துகளில் வரிகள் தொடங்கின. தமிழில் வரி மெய்யெழுத்தில் தொடங்கக் கூடாது என்பது பள்ளிக்கூடத்துக் கட்டுரை நோட்டில்கூடக் கடைப்பிடிக்கும் ஒழுங்கு. சரிசெய்யக் கேட்டபோது வரியொடிப்பையே முற்றிலும் எடுத்துவிட்டார்கள்; நம்முடைய நீண்ட சொற்களால் வரிகளுக்குள் ஆறுபோல வெள்ளை இடைவெளி ஓடியது. கடைசியில், இருபுறமும் நேர்செய்யாமல் வலது ஓரத்தைச் சற்று ஏற்றஇறக்கமாக விடலாமா என்று கேட்டேன். 'அது புரொஃபஷனலாக இருக்காது' என்று மறுத்துவிட்டார்கள். வரிகளுக்கிடையே கூடுதல் இடம் தரச் சொன்னதையும், முதுகை ஒட்டிய ஓரத்தை 20 மில்லிமீட்டராக்கச் சொன்னதையும் மட்டும் உடனே ஏற்றார்கள். மேலே விசிறியும் கீழே சுழியும் கொண்ட நம் எழுத்துகளுக்கு ஆங்கில நூலின் வரி இடைவெளி போதவே போதாது.

அட்டையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காலைப் பனியில் படிவயல்கள் தெரியும் என்னுடைய படத்தை நேர்த்தியாக வெட்டிப் பொருத்தியிருந்தார்கள். திரையில் பளிச்சென்றிருந்த பச்சை, அச்சின் நான்கு மைகளில் சற்று மங்கித்தான் போனது. அச்சிட்ட புரூஃப் அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்திருந்ததால் அதிர்ச்சி இல்லை. அதற்குத் தனிக் கட்டணம் வாங்கினாலும் கொடுத்துவிடுங்கள்.

இனி பைண்டிங். சமவெளியில் ஒரு குறையும் தெரியாத புத்தகம் 6,000 அடிக்கு மேல் வேறு விதமாக நடந்துகொள்கிறது. மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்குள் எல்லாப் பிரதிகளின் அட்டையும் வெளிப்புறமாகச் சுருண்டன. அட்டையின் வெளிப்பக்கத்தை பிளாஸ்டிக் படலம் மூடியிருக்க, உள்பக்கம் மட்டும் ஈரத்தைக் குடித்து விரிவதுதான் காரணம். ஈரத்தை ஓரளவு உள்ளே விடும் படலம் ஒன்று இருக்கிறது என்றும், அதைக் கேட்டிருந்தால் போட்டிருப்போம் என்றும் பிறகு சொன்னார்கள். கேட்க வேண்டும் என்று முன்கூட்டியே எனக்குத் தெரிந்திருந்தால் அவர்களிடம் ஏன் போகிறேன்? தையில் தரை வெளுக்கும் பனியில் அடுத்த கோளாறு வந்தது. பக்கங்களின் முதுகைப் பசையால் ஒட்டும் சாதாரண பர்ஃபெக்ட் பைண்டிங்கில் ஊற்றும் பசை குளிரில் விறைத்துவிடுவதால், அதிகாலையில் புத்தகத்தை அகல விரித்த இரண்டு பேருக்கு முதுகு வெடித்துப் பக்கங்கள் கையோடு வந்தன. பியுஆர் என்னும் பசை குளிரைத் தாங்கும். அதற்கான இயந்திரம் இவர்களிடம் இல்லை.

நல்லவேளையாக, நூலகங்களுக்குக் கொடுப்பதற்கென்று 40 பிரதிகளை மட்டும் 8 பக்கக் கற்றைகளாக மடித்து, நூல் தையல் போட்டுத் தரும்படி கேட்டிருந்தேன். பிரதிக்கு 35 ரூபாய் கூடுதலாயிற்று. முதலில் தயங்கினாலும், வெளியே ஒரு பைண்டரைப் பிடித்துச் சொன்ன தேதியில் செய்து கொடுத்தார்கள். அந்த 40-இல் ஒன்றுகூட இன்றுவரை பிரியவில்லை; விரித்து வைத்தால் மேசைமேல் படிந்து கிடக்கிறது. அச்சுக்கு அடுத்து, இந்தச் சேவையில் நான் மனமாரப் பாராட்டும் வேலை அது ஒன்றுதான்.

ஐஎஸ்பிஎன் எண்ணுக்காக 1,500 ரூபாய் வாங்கியது மட்டும் இன்னும் உறுத்துகிறது. நம் நாட்டில் ராஜா ராம்மோகன் ராய் ஐஎஸ்பிஎன் தேசிய முகமை அந்த எண்ணை இலவசமாகவே வழங்குகிறது. பதிப்பகம் இல்லாத தனி எழுத்தாளரும் இணையவழி விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்கும் வேலைக்கான கூலி என்று சொல்லி வாங்கியிருந்தால் வருந்தியிருக்க மாட்டேன். அதைவிடப் பெரிய சங்கடம், அவர்கள் தங்கள் பெயரில் ஒதுக்கப்பட்ட எண்களிலிருந்து ஒன்றைக் கொடுத்ததால், பதிவேட்டில் என் நூலின் பதிப்பாளராக இருப்பது நானல்லேன், அவர்கள். செலவு முழுவதும் என்னுடையது, பதிப்பாளர் பெயர் அவர்களுடையது. வெளியான 30 நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மற்ற மூன்று நூலகங்களுக்கும் பிரதி அனுப்ப வேண்டுமென்று 1954-ஆம் ஆண்டுச் சட்டம் பதிப்பாளருக்கு விதித்திருக்கும் கடமையை அவர்கள் அறிந்ததாகவே தெரியவில்லை. நான்தான் தையல் பிரதிகளில் நான்கை அஞ்சலில் அனுப்பினேன்.

மொத்தத்தில் பிரதிக்கு 140 ரூபாய்க்குச் சற்று மேல் அடங்கியது; விலை 250 என்று வைத்தேன். விற்பனைக்கு அவர்கள் செய்ததாகச் சொல்ல ஒன்றுமில்லை, அதற்கு அவர்கள் வாக்குறுதி தரவும் இல்லை. வடுகபட்டிப் பூண்டுச் சந்தையில் கமிஷன் கடை வைத்திருக்கும் உறவினர் ஒருவர் மூட்டைகளுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்து 70 பிரதிகள் விற்றுக் கொடுத்தார். அட்டையில் பூண்டு வாசனை ஏறியிருந்ததை வாங்கியவர்கள் யாரும் குறையாகச் சொல்லவில்லை.

இப்போது அடுத்த 200 பிரதிகளுக்கு அதே இடத்தில் அச்சுக்கு மட்டும் கொடுத்திருக்கிறேன். எல்லாமே தையல் கட்டு. படலம், ஈரம் விடும் வகை. பக்க அமைப்பை திண்டுக்கல்லில் யூனிகோடிலேயே வேலைசெய்யும் ஓர் இளைஞர் புதிதாகச் செய்து கொடுத்துவிட்டார். திருத்திய இரண்டாம் பதிப்பு என்பதால் இதற்குப் புதிய எண் வேண்டும். விண்ணப்பத்தில் பதிப்பாளர் என்ற இடத்தில் என் பெயரை எழுதியிருக்கிறேன்.