கபடித் தளத்தோரம் 70-200 எஃப் 2.8: பல சீசன் உழைப்புக்குப் பிறகு

உள்ளரங்கக் கபடி, வாலிபால், மேடை நிகழ்ச்சி மூன்றுக்கும் சேர்த்து ஒரே கேமரா லென்ஸ்தான் வாங்க முடியும் என்றால் 70-200 எஃப் 2.8 வாங்குங்கள் (70 முதல் 200 எம்எம் வரை ஜூம் ஆகும்; எஃப் எண் குறையக் குறைய வெளிச்சம் அதிகம் நுழையும்). பல சீசன் ஓடித் தேய்ந்த பிறகும் இந்த முடிவில் மாற்றமில்லை. ஆனால் எந்த இடத்தில் இது கைவிடும் என்று தெரிந்துகொண்டே வாங்க வேண்டும்.

முதலில் தூரக் கணக்கு. ஆடவர் கபடித் தளம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். கடைக்கோட்டுக்கு 3 மீட்டர் பின்னால், மூலையில் உட்கார்ந்தால் நடுக்கோடு ஏறக்குறைய 10 மீட்டரில் இருக்கும். ஃபுல் ஃபிரேம் (36×24 எம்எம் சென்சார்) கேமரா பாடியில் 200 எம்எம் வைத்துக் கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால், அந்தத் தூரத்தில் 1.8 மீட்டர் உயரம் அடங்கும். நடுக்கோட்டைத் தாண்டி வரும் ரெய்டர் உச்சி முதல் பாதம் வரை சட்டத்தை நிறைத்துவிடுவார். கபடிக்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தும் இடம் இது.

சிக்கல் கிட்டத்தில் வருகிறது. ரெய்டரை நாலைந்து பேர் சேர்ந்து மடக்கிக் கடைக்கோட்டருகே சாய்க்கும்போது தூரம் 4 மீட்டராகக் குறைந்துவிடும். அங்கே 70 எம்எம்மில் அகலவாட்டில் 2 மீட்டர்தான் அடங்கும்; கைகளும் கால்களும் வெட்டுப்படும். ஆட்டத்தின் மிகச் சிறந்த தருணம் அதுதான் என்பதால் இரண்டாவது பாடியில் அகலப் பார்வை தரும் 24-70 லென்ஸ் தொங்குவது அவசியம். இரண்டாவது பாடி இல்லையென்றால் இன்னும் 2 மீட்டர் பின்னால் போய் உட்காருங்கள். கிராப் சென்சார் (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறியது) வைத்திருப்பவர்களுக்கு 70 எம்எம்மின் பார்வை 105 அல்லது 112 அளவுக்குச் சுருங்கிவிடும். கபடிக்கு மட்டும் என்றால் அவர்களுக்கு 24-70தான் நல்லது.

அடுத்தது வெளிச்சம். 300 லக்ஸ் (வெளிச்ச அளவு) உள்ள அரங்கில் எஃப் 2.8, ஷட்டர் 1/1000 நொடி வைத்தால் ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்; ஏற ஏறப் படத்தில் புள்ளிகள் கூடும்) 6400 வரும். அதே இடத்தில் விலை குறைந்த 70-300 லென்ஸ் 5.6க்கு இறங்கிவிடுவதால் ஐஎஸ்ஓ 25600க்கு ஏற வேண்டும், இல்லையென்றால் ஷட்டர் 1/250க்கு விழும். 1/250இல் உதைக்கும் கால் நிச்சயம் கலங்கும். அந்த லென்ஸைக் குறை சொல்லவில்லை; பட்டப்பகல் வெயிலில் எஃப் 5.6, 1/1600, ஐஎஸ்ஓ 200 என்று பள்ளி விளையாட்டு விழாவை அருமையாக முடித்துத் தரும். இருட்டரங்குக்குக் கையில் பணம் குறைவென்றால் 85 எஃப் 1.8 பிரைம் வாங்குங்கள். ஐஎஸ்ஓ 2500 அளவுக்கு இறங்கும், ஜூம் போய்விடும்.

எஃப் 2.8 வைத்தால் எல்லாம் கூர்மையாக வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். 200 எம்எம்மில், 10 மீட்டரில் தெளிவாக விழும் ஆழம் மொத்தமே 42 சென்டிமீட்டர்தான். நீட்டிய கை அதைவிட நீளம். ஃபோகஸ் புள்ளி விரல் நுனியில் போய் உட்கார்ந்தால் முகம் கலங்கும். முகத்தில் நிறுத்துங்கள், கை கலங்கினால் கலங்கட்டும்.

லென்ஸின் பக்கவாட்டில் ஃபோகஸ் எல்லையைக் கட்டுப்படுத்தும் சுவிட்ச் இருக்கும். கேனான் இஎஃப் இரண்டாம் பதிப்பில் 1.2 மீட்டரிலிருந்து, 2.5 மீட்டரிலிருந்து என இரு நிலைகள். ஆட்டத்தின்போது 2.5இல் வையுங்கள், குறுக்கே நடுவர் வந்து ஃபோகஸ் தவறினாலும் லென்ஸ் மிகக் கிட்டத்தூரம்வரை போய்த் தேடித் திரும்பாது. மறுநாள் கல்யாணத்தில் மோதிரத்தைக் கிட்டத்தில் எடுக்கும்போது ஃபோகஸே ஆகவில்லை, லென்ஸ் பழுது என்று கடைக்குக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. முதலில் அந்தச் சுவிட்சைப் பாருங்கள்.

நடுக்கம் தடுக்கும் வசதி 1/800க்கு மேல் ஆட்டத்துக்குத் தேவையில்லை, அணைத்துவிடலாம். மேடைப் பேச்சாளரை 1/125இல் எடுக்க அது உயிர்நாடி. பரதநாட்டியத்துக்கு உதவாது, ஆடுபவரின் அசைவை ஷட்டர்தான் நிறுத்தும், குறைந்தது 1/320 வேண்டும்.

அடுத்தடுத்த படங்களில் வெளிச்சமும் நிறமும் மாறிமாறி வந்தால் லென்ஸைத் திட்ட வேண்டாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய விளக்குகள் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். கேமராவில் ஆன்டி ஃபிளிக்கர் (இந்த ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்கும் வசதி) இருந்தால் போடுங்கள். எல்இடி விளக்குகளில் பட்டைபட்டையாக விழுந்தால் எலெக்ட்ரானிக் ஷட்டரை விட்டு மெக்கானிக்கலுக்கு மாறுங்கள்.

லென்ஸின் ஆயுளைக் கடலோர ஊர்களில் தீர்மானிப்பது ஃபங்கஸ் (லென்ஸுக்குள் வளரும் பூஞ்சை). தோல் உறையில் போட்டு பீரோவில் பூட்டுவதைப்போலக் கெடுதல் வேறில்லை. ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்தில் நிற்கும் டிரை கேபினெட் வேண்டும். முடியாவிட்டால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், சின்ன ஈரமானி ஒன்று. நிறம் மாறியதும் ஜெல்லைச் சூடாக்கிக் காயவைக்க வேண்டும். ஏசி அரங்கிலிருந்து வெளியே வரும்போது பையைத் திறக்காமல் அரைமணி நேரம் விடுங்கள், இல்லையென்றால் கண்ணாடி வியர்க்கும். ஃபங்கஸை ஆரம்பத்திலேயே பிடித்தால் சுத்தம் செய்யலாம்; கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிட்டால் தழும்பு போகாது.

செகண்ட்ஹேண்ட் வாங்கும்போது இரண்டு மூடிகளையும் கழற்றி, பின்பக்கமிருந்து செல்போன் டார்ச்சை அடித்து முன்பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல இழை தெரிந்தால் விட்டுவிடுங்கள். தூசி நாலு இருந்தால் கவலையில்லை. பிறகு செங்கல் சுவர் ஒன்றை நேர்முகமாக 200 எம்எம், எஃப் 2.8இல் எடுத்து நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் அது கீழே விழுந்த லென்ஸாக இருக்கலாம். ஜூம் ரப்பர் தளர்ந்திருப்பது வியர்வையும் சூடும் செய்த வேலை, மாற்றிக்கொள்ளலாம்.

எடையைப் பொறுத்தவரை பழைய கேனான் இஎஃப் 1490 கிராம். சோனியின் 70-200 ஜிஎம் இரண்டாம் பதிப்பு 1045 கிராம். நாள் முழுக்கப் பத்து ஆட்டம் எடுப்பவருக்கு அந்த வித்தியாசம் மணிக்கட்டில் தெரியும். கேனான் ஆர்எஃப் முதல் பதிப்பு 1070 கிராம்தான், ஆனால் அதில் டெலிகன்வெர்ட்டர் (லென்ஸுக்கும் பாடிக்கும் இடையில் மாட்டி எம்எம்மைப் பெருக்குவது) ஏறாது.

கிரிக்கெட்டுக்கு இந்த லென்ஸ் போதாது. 65 மீட்டர் எல்லைக்கோட்டிலிருந்து 200 எம்எம்மில் பேட்ஸ்மேன் சட்டத்தின் உயரத்தில் கால்பங்குகூட வரமாட்டார். 1.4 கன்வெர்ட்டர் போட்டாலும் 280தான், ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சமும் போய்விடும். பகலாட்டத்துக்கு 150-600 வாங்குங்கள். இரவாட்டத்துக்கு 400 எஃப் 2.8ஐ வாடகைக்கு எடுப்பதே கட்டுப்படியாகும்.