காதலுக்கு வியூகம் வகுத்தவன்: 'எ சிவில் கேம்பெய்ன்' நாவல் மதிப்புரை

அமெரிக்க எழுத்தாளர் லோயிஸ் மக்மாஸ்டர் புஜோல்டின் வோர்கோசிகன் அறிவியல் புனைவுத் தொடரில் விண்கலப் போர்களுக்கும் உளவு வேலைகளுக்கும் பஞ்சமே இல்லை. ஆனால் 1999ஆம் ஆண்டு வெளிவந்த 'எ சிவில் கேம்பெய்ன்' தன் கதையின் பெரும்பகுதியை விருந்து மேசையிலும் வரவேற்பறையிலும் நிலவறைச் சோதனைக்கூடத்திலும் நடத்திக்கொள்கிறது. தொடரில் எனக்கு மிகவும் பிடித்த நூல் இதுதான். ஜேன், ஷார்லட், ஜார்ஜெட், டொரோத்தி என்று முதற்பெயர்களை மட்டும் சொல்லி ஆசிரியர் இதைக் காணிக்கையாக்கியிருப்பதைப் பார்த்தாலே, ஜேன் ஆஸ்டின் வழிவந்த திருமணக் கதை மரபை அறிவியல் புனைவுக்குள் கொண்டுவர நினைத்திருக்கிறார் என்பது விளங்கிவிடும்.

பாராயர் கோளின் பேரரசருக்குத் திருமணம் நெருங்கிக்கொண்டிருக்கிறது. அவருடைய தணிக்கையாளனான, அதாவது அவர் சார்பில் விசாரணை நடத்தும் சிறப்பு அதிகாரியான மைல்ஸ் வோர்கோசிகன், அண்மையில் கணவனை இழந்த எகடெரினைக் காதலிக்கிறான். துக்க காலம் முடியுமுன் கேட்டால் மறுத்துவிடுவாள், காத்திருந்தால் வேறொருவன் முந்திக்கொள்வான் என்று கணக்குப் போட்டு, தன் மாளிகையை ஒட்டிய வெற்று மனையில் அக்கோளுக்கே உரிய செடிகளைக் கொண்டு தோட்டம் அமைக்கும் பணியை அவளிடம் ஒப்படைக்கிறான். அவளோ தன் திறமைக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு என்று அதை நம்புகிறாள். இளமை முழுவதும் கூலிப்படை நடத்திப் பழகியவனுக்குக் காதலும் ஒரு படையெடுப்பாகவே தெரிகிறது.

நூலின் உச்சம் மைல்ஸ் அளிக்கும் விருந்து. அவன் தன் காதலை ஊரில் அனைவரிடமும் சொல்லியிருக்கிறான், எகடெரினைத் தவிர. இதற்கிடையே அவனுடைய மரபணுவிலிருந்து உருவாக்கப்பட்ட நகல் (குளோன்) சகோதரன் மார்க், என்ரிக்கே என்ற விஞ்ஞானியைக் கூட்டிவந்து நிலவறையில் பூச்சி வளர்க்கிறான். அப்பூச்சிகள் கக்கும் சத்தான பொருளைச் சந்தைக்குக் கொண்டுவருவது அவனது திட்டம். மாளிகையின் சமையற்காரி மா கோஸ்டியின் கைப்பக்குவத்தில் அது இனிப்பாக விருந்து மேசைக்கு வருகிறது. பூச்சிகள் குடும்பச் சின்னத்தையும் வண்ணங்களையும் சுமந்திருப்பது தெரிந்து மைல்ஸ் கொதிக்கிறான். இத்தனைக்கும் நடுவில், நினைவாற்றல் சிதைந்து ஓய்வுபெற்ற உளவுத்துறைத் தலைவர் இல்யான், கெட்ட எண்ணம் சிறிதும் இன்றி இரகசியத்தை உடைத்துவிட, மைல்ஸ் பதறிப்போய் எல்லோர் முன்னிலையிலும் திருமணத்துக்குக் கேட்டுவிடுகிறான். ஒவ்வொரு திரியையும் ஆசிரியர் பல பக்கங்களுக்கு முன்பே பொறுமையாக வைத்துவிடுவதால், இதில் எதுவுமே தற்செயலாகத் தோன்றுவதில்லை.

சிரித்து முடிக்கும் முன்பே மைல்ஸின் மன்னிப்புக் கடிதம் வந்துவிடுகிறது. பலமுறை எழுதிக் கிழித்த பிறகு, எகடெரினைப் பகையாளியைப் போல வளைத்துப் பிடிக்க முயன்றதையும், தோட்டத்தின் பெருமையை அவளிடமிருந்து பறித்துவிட்டதையும் அவன் அதில் நேராக ஒப்புக்கொள்கிறான். வேறொரு நகைச்சுவை எழுத்தாளராக இருந்திருந்தால் இந்த இடத்தில் இன்னொரு கேலியை நுழைத்திருப்பார். புஜோல்ட் அப்படிச் செய்யாததால்தான் எகடெரினின் பக்கமும் கனமாக நிற்கிறது. சிறுமைப்படுத்தும் திருமணத்திலிருந்து மீண்டுவந்தவள், நல்லவனாகவே இருந்தாலும் இன்னொருவன் தன்னை நடத்திச் செல்வதை ஏன் ஏற்க மறுக்கிறாள் என்பது தெளிவாகப் புரிகிறது.

சீமான்கள் அவையின் வாரிசுரிமை வழக்குகளைப் பற்றிய கிளைக்கதை இதே தரத்தில் இல்லை. பெண்ணுக்குப் பட்டம் இல்லை என்பதால் வெளிக்கோளுக்குச் சென்று ஆணாகத் திரும்பும் டோனோவும், பழைய காதலியை எதிர்பார்த்து வரவேற்கப் போய்த் தாடிக்காரனைச் சந்திக்கும் மைல்ஸின் உறவினன் ஐவனும் அருமையான கற்பனை; ஆனால் அவர்களுக்கு எதிராக நிற்கும் ரிச்சர்ஸ் வெறும் அட்டை வில்லன். கடைசியில் நடக்கும் வாக்கெடுப்பைப் பற்றி இங்கே சொல்லப்போவதில்லை, அந்த இன்பம் வாசகருக்கே உரியது.

தொடரை அறியாதவர்கள் இந்நூலில் தொடங்கினால் பெயர்களின் நெரிசலில் திணறுவார்கள். எகடெரின் அறிமுகமாகும் 'கொமார்' நாவலை முதலில் படிப்பது அவசியம். அவ்விரண்டு நாவல்களையும் ஒரு நெடுங்கதையையும் சேர்த்து 'மைல்ஸ் இன் லவ்' என்ற தொகுப்பு நூல் வந்திருக்கிறது. புதிதாக வாங்குபவர்களுக்கு அதுவே வசதி.