கடலோர வீட்டின் மோட்டார் பெட்டி: ஜி.ஐ.யா, பி.வி.சி.யா?

மழை நேராக அடிக்கும் வெளிச்சுவரில் போர்வெல் மோட்டாரின் ஸ்டார்ட்டரை மாட்ட வேண்டியிருந்தது. எலக்ட்ரீஷியன் இரண்டு வழி சொன்னார்: பெயின்ட் அடித்த இரும்புப் பெட்டியோடு ஜி.ஐ. கன்ட்யூட் (ஒயர் செல்லும் இரும்புக் குழாய்), அல்லது பாலிகார்பனேட் என்ற உறுதியான பிளாஸ்டிக் பெட்டியோடு கனமான பி.வி.சி. கன்ட்யூட். நாங்கள் எடுத்தது இரண்டாவது. என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

இரும்பு அடி தாங்கும், பி.வி.சி.க்குச் செலவு குறைவு, இதெல்லாம் தெரிந்ததே. இந்தியத் தரநிலையிலும் இரண்டுக்கும் இடமுண்டு: ஐ.எஸ். 9537-இன் பகுதி 2 இரும்புக் குழாய்க்கு, பகுதி 3 மின்கடத்தாக் குழாய்க்கு. ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது உப்புக்காற்று. ஜி.ஐ. குழாயின் மேல் துத்தநாகப் பூச்சு இருக்கிறது. ஆனால் அளவுக்கு அறுத்து மரை போடும்போது, சரியாக அந்த இடத்தில் பூச்சு சுரண்டப்பட்டுவிடுகிறது. குழாய் முழுவதும் பளபளக்கும். குழாய்களை இணைக்கும் கப்ளரை ஒட்டிய இரண்டு மூன்று மரைகள் மட்டும் செம்பழுப்பாகும். துத்தநாகப் பெயின்ட் தடவலாம்தான், ஆண்டுதோறும் ஏணி போட்டு ஏறிப் பார்ப்பது யார்? அழகு கெடுவதோடு போனால் பரவாயில்லை. இரும்பில் பெட்டி, கதவு, குழாய் அனைத்தும் எர்த்தோடு இணைந்திருக்க வேண்டும். துருப்பிடித்த மரையில் அந்த இணைப்பு விட்டுப்போய், உள்ளே ஒரு ஒயரும் உரசியிருந்தால், ஸ்விட்சைத் தொட வருபவர் பாடு ஆபத்து. பாலிகார்பனேட் பெட்டியில் இந்தப் பராமரிப்பே கிடையாது. மோட்டாருக்குப் போகும் எர்த் ஒயர் மட்டும் எப்போதும் கட்டாயம்.

பி.வி.சி.க்கும் குறை உண்டு. வெயிலில் 30 டிகிரி சூடு ஏறினால் 3 மீட்டர் குழாய் 5 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். கிளாம்பை இறுக்கிவிட்டால் குழாய் வளையும், இல்லையேல் ஒட்டிய இடம் விடும்.

இரண்டிலும் பலரும் கோட்டை விடுவது கிளாண்டில், அதாவது கேபிள் பெட்டிக்குள் நுழையும் துளையை இறுக்கி அடைக்கும் பாகத்தில். பெட்டியில் ஐ.பி. 65 என்று அச்சிட்டிருக்கும். 6 என்றால் தூசு புகாது, 5 என்றால் பீய்ச்சும் நீரைத் தாங்கும். துளை போட்ட பிறகு அந்த மதிப்பு கிளாண்டின் கையில். அதன் ரப்பர் வளையம் ஒற்றை உருண்டைக் கேபிளைப் பிடிக்கச் செய்தது; மூன்று தனி ஒயர்களைத் திணித்தால் நடுவே இடைவெளி நிற்கும். எனவே உறையிட்ட கேபிளையே போட்டு, கீழ்ப்பக்கமாக நுழைத்தோம். மேலே துளை போட்டு சிலிக்கான் பூசும் வழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் பெட்டி புதிது. வெயிலில் மூடி எவ்வளவு காலம் நொறுங்காமல் இருக்கும் என்பதைச் சில கோடைகள் போனால்தான் சொல்ல முடியும். வண்டி இடிக்கக்கூடிய கேட் தூணாக இருந்திருந்தால் ஜி.ஐ.யையே போட்டிருப்பேன்.